முன்னாடி அழுதது யாரு?

மேன்ஷன் வாழ்க்கையில் ரூம்மேட் என்பவர் ரயிலில் பக்கத்து பெர்த் ஆசாமி மாதிரி. குறட்டை விடுவாரா, மாட்டாரா என்பது டிக்கெட் வாங்கும்போது தெரியாது.

திருவல்லிக்கேணியில் எனக்கு வாய்த்தவன் குறட்டை விடமாட்டான். காரணம், ராத்திரி ரூமிலேயே இருக்கமாட்டான். அமெரிக்காவிலிருந்து போன் பண்ணுகிறவர்களுக்கு இங்கிருந்து பதில் சொல்லுகிற வேலை. அவன் தலையில் கட்டியிருந்தது அலபாமா, டென்னஸி பக்கத்து வாடிக்கையாளர்கள். அவர்கள் பேசுவது இங்கிலீஷ்தான் என்று நம்புவதற்கே அவனுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

"மச்சி, இழுத்து இழுத்துப் பேசறானுங்கடா. திட்றானா, தேங்க்ஸ் சொல்றானான்னே தெரியல. ரெண்டுக்கும் நான் 'யூ ஆர் வெல்கம்'னு சொல்லிடறேன்."

காது பழகட்டும் என்று அந்த ஊர்ப் பாட்டுகளை செல்போனில் ஏற்றி வைத்துக்கொண்டான். சாயங்காலம் ஷேவ் பண்ணும்போது, சட்டைக்கு இஸ்திரி போடும்போது, எப்போதும் ஒரே கன்ட்ரி மியூஸிக். பக்கத்து ரூம்காரர் சுவரைத் தட்டுவார். அவருக்கு மறுநாள் குரூப் டூ பரீட்சை. (எல்லா நாளுமே அவருக்கு மறுநாள் குரூப் டூ பரீட்சைதான்.)

நானும் அந்தப் பாட்டுகளை மின்விசிறிச் சத்தம் மாதிரிதான் பாவித்து வந்தேன். ஒரு வியாழக்கிழமை வரை.

*

அந்த வியாழக்கிழமை காலை எங்கள் ஆபீஸில் ஒரு சின்ன விழா. பி.காம். படித்துவிட்டு ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலம். கம்பெனியின் செலவுகளை எங்கெங்கே குறைக்கலாம் என்று ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சும்மா ஒரு டிராஃப்ட் போட்டுக் கொடு" என்றார்.

சும்மா போட்ட டிராஃப்ட் முப்பத்தெட்டுப் பக்கம். மூன்று வாரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

விழாவில் மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அறிக்கை பிரமாதம் என்று எம்.டி. பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் தனியாகத் தெரியுமே. அப்புறம் குரூப் போட்டோ. நான் ஓரமாகப் போய் நின்றேன். மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆஹா, நடுவில் கூப்பிடப் போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக் கொண்டேன்.

"தம்பி, உன் கை ஸ்டெடியா இருக்கும். இந்தா போன், நீ எடு."

எடுத்தேன் ஸார். கை ஸ்டெடியாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் இல்லாத ஒரே ஆள் அந்த அறிக்கையை எழுதியவன்தான்.

பஸ்ஸில் வரும்போதே ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் நான்கு தினுசில் எழுதிவிட்டேன். நான்கும் அச்சில் ஏற்றத்தக்கவை அல்ல. ரூமுக்குள் நுழைந்து செருப்பை உதறினபோது அவன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால், சில விநாடிகள், ஒரு சத்தம். கம்பி வாத்தியம் என்று புரிந்தது. ஆனால் கம்பியை மீட்டுகிற மாதிரி இல்லை. யாரோ அழ ஆரம்பித்து, பக்கத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து, சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் பாடகர் வந்தார்.

"யார்ரா இது?"

"ஹாங்க் வில்லியம்ஸ். பெரிய ஆளு மச்சி. அந்தப் பக்கம் எல்லாருக்கும் இவருதான் குலதெய்வம்."

"பாடறவரைக் கேக்கலடா. முன்னாடி அழுதது யாரு?"

அவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "அது... சும்மா மியூஸிக்டா" என்றான்.

சும்மா. காலையில் கேட்ட அதே வார்த்தை! ராஜினாமாவைத் தள்ளிவைத்துவிட்டு அன்று ராத்திரி இரண்டு மணி வரை அந்தச் 'சும்மா'வைத் தேடினேன். கிடைத்த ஆள் பெயர் டான் ஹெல்ம்ஸ்.

*

டான் ஹெல்ம்ஸ் பிறந்தது 1927 பிப்ரவரி 28. அலபாமா மாகாணத்தில் நியூ பிராக்டன் என்கிற சின்ன ஊர். விவசாயக் குடும்பம். பையனுக்கு ஸ்டீல் கிட்டார் பைத்தியம்.

ஸ்டீல் கிட்டாரை மார்பில் அணைத்து வாசிப்பதில்லை. மடியிலோ ஸ்டாண்டிலோ படுக்கவைத்து வாசிக்க வேண்டும். இடது கை விரல்கள் கம்பியை அழுத்துவதில்லை. ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் வைத்து வழுக்கிக்கொண்டே போக வேண்டும். நம்ம கோட்டுவாத்தியம் மாதிரி என்றால் சட்டென்று பிடிபடும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் படி ஏறாமல், சறுக்கு மரத்தில் போவதால்தான் அந்த அழுகை வருகிறது. ஹவாய் தீவில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து, மின்சாரம் ஏற்றிக்கொண்டு, கிராமத்துப் பாட்டுக்குள் குடியேறிய வாத்தியம்.

மின்சாரம் என்றேனா? ஹெல்ம்ஸ் வீட்டில் அது கிடையாது. கிட்டார் வந்துவிட்டது, கரென்ட் வரவில்லை. பையன் என்ன செய்தான்? துணி துவைக்கிற தகரத் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் கிட்டாரை வைத்து வாசித்தான். தொட்டி 'ங்ங்' என்று எதிரொலித்துக் கொடுத்ததாம். உலகத்தின் மிகச் சோகமான ஒலிகளில் ஒன்று அழுக்குத்துணித் தொட்டியில் பழகியது.

பதினாறு, பதினேழு வயசில் ஹாங்க் வில்லியம்ஸின் குழுவில் சேர்ந்தார். குழுவின் பெயர் டிரிஃப்டிங் கவ்பாய்ஸ். ஹாங்க்குக்கே அப்போது இருபதைச் சுற்றித்தான் வயசு. புதுப் பையன்களை அழைத்துக்கொண்டு அவர் முதலில் போன இடம் ஒத்திகை ஹால் அல்ல, அடகுக் கடை. உள்ளே ஈயம் வைத்துத் தைத்த குட்டையான தோல் தடி ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தார். அவர்கள் வாசிக்கப் போவது பீர்க் கடைகளில். பாட்டு பிடிக்காவிட்டால் ரசிகர்கள் கடிதம் எழுதமாட்டார்கள், பாட்டில் எறிவார்கள். இந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தால் கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டுகிறார்கள். அவர்களுக்குத் தடி.

1948-ல் ஹாங்க் லூஸியானா மாகாணத்து ரேடியோ நிகழ்ச்சிக்குப் போனார். ஹெல்ம்ஸ் கூடப் போகவில்லை. உள்ளூரில் வருமானம் நன்றாக இருந்தது. எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறோம்? அந்த டிசம்பரில்தான் ஹாங்க் 'லவ்ஸிக் புளூஸ்' பாடிப் பதிவு செய்தார். 1949-ல் அது அமெரிக்காவையே கலக்கியது. அதில் ஸ்டீல் வாசித்தவர் ஜெர்ரி பேர்ட் என்கிற இன்னொரு மேதை.

அதே 1949-ல் ஹாங்க், நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடைக்குப் போனார். கன்ட்ரி பாடகர்களுக்கு அது மார்கழி சீஸனில் மியூஸிக் அகாடமி மாதிரி. இந்த முறை ஹெல்ம்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஹாங்க்கின் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் கைதான். ஹாங்க்கின் பாட்டுகளில் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனவை மொத்தம் 11. அதில் 10-ல் ஹெல்ம்ஸ்.

பாட்டுகளைச் செப்பனிட்டுத் தயாரித்தவர் ஃபிரெட் ரோஸ். அவர் ஹெல்ம்ஸுக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: மேலேயே வாசி. ஹாங்க்கின் குரல் நடுவில் போகும். அதோடு போய் முட்டாதே. உச்சியில் நில். சாதாரண வேலைக்காரன் இதை 'ஒதுங்கி நில்' என்று எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். ஹெல்ம்ஸ் அந்த உச்சியையே தன் பட்டா நிலம் ஆக்கிக்கொண்டார். ஹாங்க் பாட்டில் முதுகு சில்லிடுகிற இடம் எது என்று கேட்டால் பலர் கை காட்டுவது அங்கேதான்.

இசைத்தட்டின் லேபிளில் போட்டிருந்தது என்ன? 'ஹாங்க் வில்லியம்ஸ், அவரது டிரிஃப்டிங் கவ்பாய்ஸுடன்.' அவ்வளவுதான். 'மற்றும் பலர்' என்று நம்ம சினிமா போஸ்டரில் போடுவார்களே, அது.

*

1952 செப்டம்பர் 23. நாஷ்வில் நகரத்து காஸில் ஸ்டுடியோ. ஹாங்க்குக்கு 29 வயசு முடிந்து ஆறு நாள். முதுகுவலி, குடி, மாத்திரை என்று உடம்பு போய்க்கொண்டிருந்தது. போன மாதம்தான் கிராண்ட் ஓல் ஆப்ரியிலிருந்து வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். அந்த ஒரே நாளில் நான்கு பாட்டுப் பதிவு. அதில் ஒன்று, 'யுவர் சீட்டின் ஹார்ட்'. என் ரூம்மேட் செல்போனில் அன்றைக்கு ஓடியது அதுதான். முன்னாடி அழுதது ஹெல்ம்ஸ்.

அதுவே ஹாங்க்கின் கடைசிப் பதிவு.

நம் ஊரில் நூறாவது நாள் என்றால் விழா. அந்தப் பதிவிலிருந்து சரியாக நூறாவது நாள், 1953 ஜனவரி 1. ஒஹையோ மாகாணத்து கான்டன் நகரில் புத்தாண்டுக் கச்சேரிக்கு ஹெல்ம்ஸும் மற்றவர்களும் முன்னதாகப் போய்க் காத்திருந்தார்கள். ஹாங்க்கை ஏற்றிக்கொண்டு காடிலாக் கார் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓட்டியது ஒரு கல்லூரிப் பையன். பின் ஸீட்டில் படுத்திருந்தவர் வழியிலேயே இறந்து போயிருந்தார்.

ஜனவரி 4, மாண்ட்கோமரி நகர மண்டபத்தில் இறுதிச் சடங்கு. உள்ளே இடம் கிடைத்தவர்களைவிட வெளியே நின்றவர்கள் பல மடங்கு. பெரிய பாடகர்கள் எல்லாம் வந்து பாடினார்கள். அவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தது ஹாங்க்கின் ஆட்கள்தான். முதலாளியின் பெட்டி கண்ணெதிரே திறந்திருக்க, அவர் இல்லாத பாட்டுக்கு ஹெல்ம்ஸ் ஸ்டீல் வாசித்தார்.

சாவு வீட்டில் அழக்கூட நேரம் இல்லாமல் காபி கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவருடைய அழுகை எங்கே போகும்? ஹெல்ம்ஸுக்கு அன்றைக்குக் கம்பி இருந்தது.

'யுவர் சீட்டின் ஹார்ட்' அந்த மாதமே வெளிவந்து முதலிடத்துக்குப் போயிற்று.

*

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் கதை இங்கே முடியவில்லை. ஹாங்க்குக்கு 29-ல் முடிந்துவிட்டது. ஹெல்ம்ஸுக்கு அப்போது வயசு 25. இன்னும் 55 வருஷம் பாக்கி!

யோசித்துப் பாருங்கள். நம் ஆயுளின் உச்சம் 25 வயசிலேயே வந்து, அதுவும் இன்னொருத்தர் பெயரில் வந்து, அவரும் போய்விட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போதாக்குறைக்கு அடுத்த வருஷமே தொழிலில் ஒரு பூகம்பம். 1954-ல் 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐஸக்ஸ் என்பவர் காலால் பெடலை மிதித்து, கம்பியின் சுருதியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாற்றிக் காட்டினார். அவ்வளவுதான், ஸ்டீல் வாசிக்கிறவர்கள் எல்லோரும் பெடல் மாட்ட ஓடினார்கள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி ஃபிரேம் போட்டு மாட்டின மறுநாள் ஆபீஸில் கம்ப்யூட்டர் இறங்கின கதை. ஹெல்ம்ஸ் தன் பழைய, பெடல் இல்லாத, இரட்டைக் கழுத்து கிப்ஸன் கிட்டாரையே வைத்துக்கொண்டார். அந்தச் சத்தம்தான் வேண்டும் என்கிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பாட்ஸி க்ளைன் 1957-ல் புகழ்பெற்ற 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டில் ஸ்டீல் அவருடையது. 1959-ல் லெஃப்டி ஃப்ரிஸெல் பாடிய 'லாங் பிளாக் வெய்ல்' பாட்டிலும் அவர்தான்.

ஆளைப் பரமசாது என்று நினைத்துவிடாதீர்கள். வில்பர்ன் பிரதர்ஸ் என்கிற பாடகச் சகோதரர்களோடு சேர்ந்து, பாடகர்களுக்குக் கச்சேரி பிடித்துத் தருகிற ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1960-களில் லொரெட்டா லின் அந்தக் கம்பெனியின் பாடகிதான். கம்பெனி பெயர்: வில்-ஹெல்ம். வில்பர்னில் பாதி, ஹெல்ம்ஸில் முக்கால். ஒருவழியாகப் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டார், கடைசி எழுத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டு.

என் தொண்டையை அடைத்தது இன்னொரு சேதி. ஹாங்க் இறந்த ஐந்தாம் நாள், 1953 ஜனவரி 6, அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா யார் என்றே தெரியாமல் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தாள். பெரியவளானதும் விஷயம் தெரிந்து, கோர்ட்டுக்குப் போய், தான் ஹாங்க்கின் மகள்தான் என்று நிரூபித்தார். ஜெட் வில்லியம்ஸ் என்ற பெயரில் அப்பாவின் பாட்டுகளைப் பாட மேடை ஏறினார். பின்னால் ஸ்டீல் கிட்டாரோடு வந்து உட்கார்ந்த பெரியவர், டான் ஹெல்ம்ஸ்.

அப்பாவை ஒரு முறைகூடப் பார்க்காத பெண். அப்பாவுக்கு வாசித்த அதே கை, அதே முன்னிசை. அவர் ஆரம்பித்துக் கொடுக்க, இவர் பாடுகிறார். வாரிசுச் சான்றிதழை கோர்ட் கொடுத்தது சரி. அந்த முதல் சில விநாடிகளை எந்த கோர்ட் கொடுக்க முடியும்?

1984-ல் ஸ்டீல் கிட்டார்காரர்களின் கௌரவப் பட்டியலில் ஹெல்ம்ஸ் பெயரைச் சேர்த்தார்கள். 2005-ல் சுயசரிதை எழுதினார். அதன் உபதலைப்பில் தன்னை அவர் அறிமுகப்படுத்திக்கொள்வது இப்படி: 'ஹாங்க்கின் ஸ்டீல் கிட்டார்க்காரன்'. சொந்தப் புத்தகத்திலும் முதலாளி பெயர்தான் முதலில்! வெட்கத்தோடு அல்ல, விசிட்டிங் கார்டு மாதிரி. 2008 ஆகஸ்ட் 11-ல், 81 வயசில் காலமானார்.

*

ராத்திரி இரண்டு மணிக்கு இதையெல்லாம் படித்து முடித்த நான் என்ன செய்தேன்? ஹெல்ம்ஸும் நானும் ஒரே ஜாதி, ஊருக்கு உழைத்துப் பெயர் கிடைக்காத தியாகிகள் என்று கண்ணீர் மல்க, என் முப்பத்தெட்டுப் பக்க அறிக்கையை எடுத்தேன். நம் காவியத்தை ஒரு தடவை ரசிப்போமே என்று.

பத்தாவது பக்கத்தில் கொட்டாவி வந்தது.

'மேற்கண்ட இனங்களைப் பரிசீலித்ததில்...' போன வருஷத்து ஃபைலிலிருந்து எடுத்தது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்படுமாயின்...' அதற்கு முந்தைய வருஷத்து ஃபைல். எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் அதை நான்தான் எழுதினேன் என்று என் அம்மாகூடச் சொல்லமாட்டாள். லேபிளில் பெயர் இல்லாவிட்டாலும் ஹெல்ம்ஸை மூன்று விநாடியில் கண்டுபிடிக்கலாம். என்னை முப்பத்தெட்டுப் பக்கத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மேனேஜர் திருடியது நிஜம்தான். ஆனால் என் வீட்டில் என்ன இருந்தது திருட?

இல்லை, ஒரே ஒரு பாரா இருந்தது. டீசல் செலவைப் பற்றி. பெரிய அதிகாரிகள் மீட்டிங்கில் இருக்கும்போது, திரும்பி வரும்போது கார் சில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காக டிரைவர்கள் இரண்டு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, தாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காலி ஸீட்டுக்கு ஏ.ஸி. என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அது நான்தான்.

அவசரமாக மேனேஜர் கொடுத்த இறுதிப் பிரதியைப் புரட்டினேன். எல்லாம் அப்படியே இருந்தது. அந்தப் பாராவை மட்டும் அடித்திருந்தார்!

ராஜினாமா அன்றைக்குக் கொடுக்கவில்லை. வாடகை என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அந்த ஒரு பாராவை இழுத்து, ஆபீஸ் பெயர் இல்லாமல், இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அதுதான் அச்சில் வந்த என் முதல் எழுத்து. ராஜினாமா இரண்டு வருஷம் கழித்து. மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போயிட்டா யாருப்பா டிராஃப்ட் போடுவா?" என்று கேட்டார். நிஜமாகவே கலங்கியிருந்தார்.

இப்போது என் பெயர் போட்டே எழுதுகிறேன். போன மாதம் மேற்கு மாம்பலத்தில் ஒரு டீக்கடை. பக்கத்தில் நின்ற பையன் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டுக் களுக்கென்று சிரித்தான். எட்டிப் பார்த்தேன். என் கட்டுரை! மேல்பாதி கிழிந்திருந்தது. தலைப்பும் இல்லை, என் பெயரும் இல்லை. மிச்சத்திலும் எண்ணெய்.

'அதை எழுதினது நான்தான் தம்பி' என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவன் இன்னொரு வரியைப் படித்து மறுபடி சிரித்தான்.

சும்மா இருந்துவிட்டேன். எனக்கும் ஒரு பஜ்ஜி சொன்னேன்.